வார்டில் எழுந்த கேள்வி ஆய்விதழில் அச்சாகும் வரை: மருத்துவக் கல்வி ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டிலிருந்து வந்திருந்த ஆயா, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். "எப்படி இழுக்கிறீர்கள், ஒருமுறை காட்டுங்கள் ஆயா" என்றேன். குலுக்கவில்லை. மூச்சை வெளியே விடவில்லை. உதட்டை மூடாமல் வாயில் வைத்து அழுத்தினார். அழுத்தி முடித்த பிறகுதான் மூச்சை இழுத்தார். மருந்து வெள்ளைப் புகையாக உதட்டோரம் வழிந்து காற்றோடு போனது. பக்கத்தில் நின்ற இறுதியாண்டு மாணவரின் முகம் சுருங்கிவிட்டது. முந்தைய வாரம் ஆயாவுக்கு விளக்கிச் சொன்னவர் அவர்தான். வாய்மொழித் தேர்வில் இன்ஹேலர் படிகளை வரிசை பிசகாமல் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கியவரும் அவர்தான்.

மாணவருக்குத் தெரியும், சொல்லவும் சொன்னார், ஆனால் ஆயாவின் கைக்கு அது வந்து சேரவில்லை. வழியில் எங்கே நழுவியது என்று கேட்டு, அதற்குப் பதில் தேட ஒழுங்கான முறையில் இறங்கினால் அதற்குப் பெயர்தான் மருத்துவக் கல்வி ஆய்வு. மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் எல்லாம் இதில் அடக்கம்.

வடசென்னையில் ஒரு கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து இளைப்போடு வருபவர்களுக்கு எங்கள் புறநோயாளிப் பிரிவில் குறைவே கிடையாது; ஆகவே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இன்ஹேலரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஊசி போடுவதையோ பிரசவ அறை வேலையையோ கற்பிப்பவராக இருந்தால் அதைப் பொருத்திப் படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குவது

எங்களில் பெரும்பாலோர் தொடங்கும் விதம் இது: புதிய முறையில் ஒரு வகுப்பு எடுப்போம், முடிந்ததும் ஒரு படிவம் கொடுப்போம், "இந்த வகுப்பு பயனுள்ளதாக இருந்தது" என்ற வரிக்கு எதிரே மாணவர்கள் எல்லோரும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று குறியிடுவார்கள். என் முதல் ஆய்வும் அப்படித்தான் இருந்தது. வருகைப்பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் படிவத்தை நீட்டினால் வேறு எதைத்தான் குறியிடுவார்கள்? பிடித்திருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் எடுக்க முடியவில்லை.

எதை அளக்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ள இரண்டு பழைய ஏணிகள் உண்டு. தொழிற்பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்தது ஒன்று: பங்கேற்றவரின் திருப்தி, அவர் கற்றது, அவர் நடந்துகொள்ளும் விதத்தில் வந்த மாற்றம், கடைசியில் கிடைத்த பலன். மற்றொன்று ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த பிரமிடு. தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நடைமுறையில் செய்கிறார் என்று கீழிருந்து மேலே ஏறும். எங்கள் மாணவர் மில்லரின் இரண்டாவது தட்டில் முழு மதிப்பெண் வாங்கியவர். ஆயாவின் கை இருந்ததோ கிர்க்பாட்ரிக்கின் நான்காவது படியில். நடுவில் இருக்கும் படிகளில்தான் ஆய்வுக்கு வேலை.

எல்லா ஆய்வும் உச்சிப் படியைத்தான் தொடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது செலவும் நாளும் பிடிக்கும் வேலை. ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும். முதல் படியில் நின்றுகொண்டு நான்காம் படியைப் பற்றி முடிவுரை எழுதுவதுதான் இந்தத் துறையின் தீராத வியாதி.

கேள்வியின் தரத்தை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். குக், போர்டாஜ், ஷ்மிட் மூவரும் 2008-இல் மருத்துவக் கல்விச் சோதனைகளை மூன்று நோக்கங்களாகப் பிரித்தார்கள். "இப்படி ஒரு முறையைச் செய்தோம்" என்று விவரிப்பது ஒன்று. "இது பலன் தருகிறதா" என்று நிறுவுவது அடுத்தது. "ஏன், எப்படிப் பலன் தருகிறது" என்று தெளிவுபடுத்துவது மூன்றாவது. மூன்றாவது வகை மிகக் குறைவு என்பதே அவர்கள் கண்டது. ஆகவே "இன்ஹேலர் பயிற்சி பயன் தருமா?" என்று கேட்காதீர்கள். "சொல்லிக்கொடுத்த பின் நோயாளியையே திரும்பச் செய்துகாட்டச் சொல்லும் முறையில் பயிற்சி பெற்ற இறுதியாண்டு மாணவர்களிடம் கற்ற நோயாளிகள், வழக்கமான பயிற்சி பெற்ற மாணவர்களிடம் கற்றவர்களைவிட, இரண்டு வாரம் கழித்து இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா?" என்று கேளுங்கள். யார், என்ன செய்தோம், எதனோடு ஒப்பிட்டோம், எதை அளந்தோம், எப்போது அளந்தோம் என்ற ஐந்துக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் இடம் இருக்கிறது.

எழுதிய கேள்வியை உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நான் எங்கள் வார்டு செவிலியர் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "இரண்டு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வருவார்கள் என்று யார் சொன்னது, டாக்டர்?" என்று கேட்டார். கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு நம் மறுவருகைத் தேதியெல்லாம் கணக்கில்லை. மாத்திரை வாங்க வரும் நாளையே அளவீட்டு நாளாக மாற்றிக்கொண்டோம்.

இரண்டாம் படி: முன்னே போனவர்களைப் படிப்பது

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் இலவசம். கல்வி ஆய்வுகளுக்கு எரிக் என்ற தரவுத்தளமும் இலவசம். மருத்துவக்காரர்கள் அதன் பக்கமே போவதில்லை, போகவேண்டும். முழுக் கட்டுரை கிடைக்காமல் தவித்த நிலை ஓரளவு மாறியிருக்கிறது: "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிய பிறகு, அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள்.

படிக்கும்போதே ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரை, இடம், வடிவமைப்பு, எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது, எதை விட்டார்கள். கடைசிக் கட்டம்தான் உங்களுக்குச் சோறு போடும்.

இங்கே பலருக்கும் கால் இடறும் ஒரு குழி உண்டு. "தமிழ்நாட்டில் இதை யாரும் செய்யவில்லை" என்று முன்னுரையில் எழுதிவிட்டு அதுவே போதும் என்று இருந்துவிடுவது. யாரும் செய்யாததற்கு, செய்யத் தேவையில்லை என்பதும் காரணமாக இருக்கலாம் அல்லவா? லோரலை லிங்கார்ட் 2015-இல் சொன்ன வழி எளியது: உலகில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றிய அறிவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதை நிரப்பாவிட்டால் என்ன நட்டம் என்று வாசகரை இழுக்கும் ஒரு கொக்கி வேண்டும். எங்களுடையதை இப்படி எழுதினோம்: நோயாளிகள் இன்ஹேலரைத் தவறாகப் பிடிக்கிறார்கள், மாணவர் பயிற்சியை ஆராய்ந்தவர்கள் மாணவரின் கையை அளந்தார்களே தவிர நோயாளியின் கையை அவ்வளவாக அளக்கவில்லை, அந்த அளவீடு இல்லாமல் பாடத்திட்டத்தில் எத்தனை மணிநேரம் கூட்டினாலும் மருந்து காற்றில்தான் போகும். இதில் வடசென்னை என்ற பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம் அப்புறம் வரும்.

மூன்றாம் படி: வடிவமைப்பு

பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பயிற்சிக்குப் பின் அதே தேர்வு, மதிப்பெண் ஏறியது, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே. இந்த வடிவத்தை நான் இனி யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். சொல்லிக்கொடுத்தால் கொஞ்சமாவது ஏறத்தான் செய்யும். சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் எதுவும் ஜெயிக்கும். இரண்டு முறைகளை ஒரே நேர அளவில் மோதவிடுங்கள்.

மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பது காகிதத்தில் அழகாக இருக்கும். எங்கள் முதல் முயற்சியில் காலையில் ஒரு குழுவுக்குக் காட்டிய காணொளி, மதியச் சாப்பாட்டுக்குள் வாட்ஸ்அப் வழியாக மற்றக் குழுவின் கைப்பேசிகளில் இருந்தது. விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்களைப் பிரித்துவைத்து ஆய்வு செய்ய நினைத்தது என் மடமை. அடுத்த முறை வார்டு சுழற்சியைப் பயன்படுத்தினோம். ஒரு தொகுதி பணி முடித்துப் போன பிறகு அடுத்த தொகுதி வரும். முதலில் வந்தவர்களுக்குப் பழைய முறை, பின்னால் வந்தவர்களுக்குப் புதிய முறை. இப்படி வைத்தால் கசிவு குறையும். ஆனால் பருவம், பணியில் இருந்த ஆசிரியர் போன்ற வேறுபாடுகள் உள்ளே நுழையும், அவற்றைக் கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பழைய முறையில் கற்றவர்களுக்கு ஆய்வு முடிந்ததும் புதியதையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதைப் புள்ளியியல் வல்லுநரிடம் தொடங்கும் முன் கேளுங்கள். தரவை மூட்டை கட்டிக்கொண்டு போய் "இதில் ஏதாவது தேறுமா" என்று கேட்டால் அவரால் உதட்டைத்தான் பிதுக்க முடியும்.

"ஏன்" என்ற கேள்விக்கு எண்கள் பதில் சொல்லாது. மாணவர் ஏன் நோயாளியைத் திரும்பச் செய்யச் சொல்லத் தயங்குகிறார்? நேரமின்மையா, கூச்சமா, வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பா? அதற்கு நேர்காணலும் குழு விவாதமும் வேண்டும். எண்ணும் சொல்லும் கலந்த ஆய்வு பிரமாதம்தான், ஆனால் முதல் ஆய்விலேயே இரண்டையும் தூக்கினால் முதுகு ஒடியும்.

நான்காம் படி: அளவுகோல் செய்வது

நான் அதிக நாள் செலவழித்ததும், அதிகம் கற்றதும் இங்கேதான்.

வேறொருவர் செய்து சோதித்த கருவி இருந்தால் அனுமதி கேட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால்தான் சொந்தமாகச் செய்யவேண்டும். செய்முறைத் திறனை நிலையம் நிலையமாக வைத்துச் சரிபார்ப்புப் பட்டியலால் மதிப்பிடும் ஓஸ்கி முறையை ரொனால்ட் ஹார்டனும் அவரோடு இருந்தவர்களும் 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வெளியிட்டார்கள். அந்தப் பட்டியல் மரபைத்தான் நாங்களும் பின்பற்றினோம். மூடியைக் கழற்றுதல், குலுக்குதல், மூச்சை வெளியே விடுதல், உதட்டால் இறுக்கமாகக் கவ்வுதல், மூச்சை மெதுவாக இழுக்கத் தொடங்கியதும் அழுத்துதல், தொடர்ந்து இழுத்தல், பத்து விநாடி அடக்குதல், அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது பொறுத்தல்.

பார்ப்பதற்கு எளிது. நானும் ஒரு சக ஆசிரியரும் ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் பார்த்துத் தனித்தனியே குறித்தோம். மூன்றாவது வரியில் அடித்துக்கொள்ளாத குறை. "மூச்சை முழுவதுமாக வெளியே விட்டார்" என்று எழுதியிருந்தோம். முழுவதும் என்றால் எவ்வளவு? அவர் ஆம் என்று குறித்த இடத்தில் நான் இல்லை என்று குறித்திருந்தேன். நுரையீரலுக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? "இன்ஹேலரை வாயில் வைக்கும் முன், இரண்டு விநாடியாவது வெளிமூச்சு விட்டது கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்தது" என்று திருத்தினோம். சண்டை ஓய்ந்தது. இப்படி ஒவ்வொரு வரியையும் உரசிப் பார்த்தோம். இருவர் மதிப்பீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காப்பா என்ற அளவால் சொல்வார்கள், 0.6-க்கு மேல் வந்தால் நல்ல இணக்கம் என்று பொதுவாக ஏற்பார்கள். ஆனால் எண் வரும் முன் அந்தச் சண்டை வரவேண்டும்.

மதிப்பிடுபவருக்கு, நோயாளி எந்தக் குழு மாணவரிடம் கற்றவர் என்பது தெரியக்கூடாது. ஆட்கள் குறைவான துறையில் இது சிரமம்தான். வேறு துறையின் பயிற்சி மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுப் பாருங்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தால் வருவார்கள்.

கருத்துப் படிவம் செய்பவர்களுக்கு: வல்லுநர்கள் சிலரிடம் ஒவ்வொரு வினாவும் பொருத்தமா என்று கேளுங்கள், பிறகு நான்கைந்து மாணவர்களை உட்காரவைத்து, வினாவைப் படித்ததும் என்ன புரிந்தது என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். குரோன்பாக் ஆல்ஃபா 0.7 தாண்டிவிட்டது, ஆகவே படிவம் செல்லுபடியாகும் என்று எழுதுவது தவறு. வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப் பேசுகின்றன என்பதை மட்டுமே அது காட்டும். எல்லாம் சேர்ந்து தவறாகவும் பேசலாம்.

ஐந்தாம் படி: நெறிமுறைக் குழு

தரவு சேகரிக்கும் முன் அனுமதி. முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. வேலையை முடித்துவிட்டு ஓடினால் யாரும் காப்பாற்றமுடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், கற்பிக்கும் முறைகளையும் பாடத்திட்டங்களையும் ஒப்பிடும் ஆய்வுகளை, அடையாள விவரங்கள் இல்லாமல் ஆபத்தும் இல்லாதபோது, மதிப்பாய்வு விலக்குக்கு உரியவற்றில் சேர்த்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டுச் சிலர் அனுமதியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விலக்கு உண்டா என்று சொல்லவேண்டியது குழு, ஆய்வாளர் அல்ல. அந்த விலக்குக் கடிதத்தைத்தான் ஆய்விதழ் கேட்கும். அதே நெறிமுறைகள் மாணவர்களை, அதிகாரப் படிநிலைக்குக் கீழே இருப்பதால் தன்னுரிமை குறைந்தவர்கள் என்று எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் பட்டியலில் வைத்திருப்பதையும் பாருங்கள். என் வகுப்பு மாணவரிடம் நானே ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அது ஒப்புதலா, உத்தரவா? எங்கள் பிரிவில் மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத ஒருவர் படிவத்தை வாங்கினார். யார் மறுத்தார்கள் என்பது அகமதிப்பீடு முடியும் வரை எனக்குத் தெரியாது.

ஆய்வில் நோயாளிகளும் இருந்தால் விலக்கை மறந்துவிடுங்கள். அவர்களுக்குத் தமிழில் தனித் தகவல் தாள் வேண்டும், அதுவும் வாசித்தால் புரியும் தமிழில். "இவ்வாய்வில் பங்கேற்க மறுப்பின் தங்கள் சிகிச்சை பாதிப்புறாது" என்ற வாக்கியத்தை எங்கள் ஆயாவிடம் படித்துக் காட்டியபோது "என்ன பாதிப்பு தம்பி?" என்று பதறினார். "வேண்டாம் என்று சொன்னாலும் வைத்தியம் வழக்கம்போல நடக்கும்" என்று மாற்றினோம். குழுக்களை ஒதுக்கீடு செய்து, நோயாளியின் உடல்நல விளைவை அளப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிந்துவிடுங்கள்.

ஆறாம் படி: தரவு சேகரிப்பு

பெயருக்குப் பதில் குறியீட்டு எண். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறொரு பூட்டில். இரண்டு இடத்தில் நகல். மழைக்காலத்தில் தாளை நம்பாதீர்கள். ஒரு டிசம்பரில் தரைத்தள அறையில் வைத்திருந்த படிவக்கட்டு ஊறிப்போய், மின்விசிறிக்கு அடியில் அப்பளம் காயவைப்பதுபோல் காயவைத்தேன்.

ஏழாம் படி: பகுப்பாய்வு

எண்களைப் பற்றி ஒன்றே ஒன்று: பி மதிப்பை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பது) என்ன, எட்டுப் படிகளில் ஒரு படி கூடியதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று சொல்லுங்கள்.

நேர்காணல்களுக்கு வருவோம். பிரவுன், கிளார்க் இருவரும் 2006-இல் விவரித்த கருப்பொருள் பகுப்பாய்வைப் பெரும்பாலோர் கையாளுகிறார்கள். திரும்பத் திரும்பப் படித்துத் தரவோடு பழகுதல், குறியீடு இடுதல், கருப்பொருள் தேடுதல், சரிபார்த்தல், பெயரிடுதல், எழுதுதல் என ஆறு கட்டம். மேற்கோள் காட்டுபவர்களில் பாதிப்பேர் அதைச் செய்வதில்லை என்பது என் சந்தேகம். கேட்ட வினாக்களையே தலைப்பாக்கி, அவற்றின் கீழ் பதில்களை அடுக்கிவிட்டுக் கருப்பொருள் என்கிறார்கள்.

தமிழில் பேசியதைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே குறியீடு இடுங்கள். அவசரப்பட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினால் பொருள் போய்விடும். எங்கள் நோயாளிகள் "இளைப்பு" என்றார்கள், "மூச்சு முட்டுகிறது" என்றார்கள், "நெஞ்சு அடைக்கிறது" என்றார்கள். மொழிபெயர்த்துக் கொடுத்தவர் மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக்கி அனுப்பினார். மூல ஒலிப்பதிவைக் கேட்டால், இளைப்பு என்பவர்கள் அதை நெடுநாள் குணமாகச் சொல்கிறார்கள், தினமும் இன்ஹேலர் எடுப்பதில் அவர்களுக்குத் தகராறு இல்லை. மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு அது திடீர் ஆபத்து. முட்டும்போது மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் காதில் வாங்குகிறார்களா என்பதே எங்கள் ஆய்வின் முக்கியமான கருப்பொருளாகிவிட்டது. கட்டுரையில் மேற்கோளுக்கு மட்டும் ஆங்கிலம் செய்து, அதை இன்னொருவரிடம் கொடுத்துத் தமிழுக்குத் திருப்பச் சொல்லிச் சரிபார்த்தோம்.

எட்டாம் படி: எழுதுவது

முன்னுரையில் தொடங்காதீர்கள். முதலில் முறையியல், ஏனென்றால் அதைச் செய்திருக்கிறீர்கள், யோசிக்கவேண்டாம். பிறகு முடிவுகள். பிறகு விவாதம். முன்னுரையும் சுருக்கமும் கடைசியில்.

ஆய்வு நடந்த இடத்தை விவரிக்கச் சொன்னால் நம்மில் பலர் தலபுராணம் எழுதிவிடுகிறோம். ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சகாலக் கஞ்சித்தொட்டியில் இருக்கிறது என்பது இராயபுரத்துக்காரர்களுக்குப் பெருமை. ஆனால் எங்கோ நைரோபியிலோ லிமாவிலோ உட்கார்ந்து படிக்கும் ஆசிரியருக்கு, தன் இடத்தில் இது பொருந்துமா என்று முடிவு செய்யத் தேவையானது வேறு: ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, மாணவர்கள் எத்தனை பேர் சேர்ந்து நிற்கிறார்கள், கற்பிக்கும் மொழி எது, நோயாளியின் மொழி எது, மருந்து இலவசமா.

ஆய்வு வகைக்கேற்ற அறிக்கை வழிகாட்டியைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு எழுதுங்கள். குலுக்கல் ஒதுக்கீட்டு ஆய்வுக்குக் கன்சார்ட். கவனிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப். எண்ணுக்குப் பதில் சொல்லை ஆராயும் பண்புசார் ஆய்வுக்கு 21 அம்சங்கள் கொண்ட எஸ்ஆர்க்யூஆர், அல்லது நேர்காணல், குழு விவாதம் என்றால் 32 அம்சங்கள் கொண்ட கோரெக்.

யார் பெயர் வரும் என்ற பஞ்சாயத்தை ஆய்வு தொடங்கும் நாளிலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள். மருத்துவ ஆய்விதழ் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழ்ந்து திருத்தியதில் பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து வேண்டும். அறைச் சாவி கொடுத்தவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. துறைத்தலைவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் போடும் வழக்கத்தைச் சண்டை போடாமல் எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். வரைவை அவரிடம் கொடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தினால் பங்களித்தவராகிவிடுவார், படிக்க நேரமில்லை என்றால் அவரே விலகிக்கொள்வார். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியால் ஆங்கிலத்தைச் சீர்செய்தால் ஆய்விதழ் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். அதை ஆசிரியராகப் போட முடியாது. அது எடுத்துத் தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், இல்லாத கட்டுரைகள் வந்து நிற்கும்.

ஒன்பதாம் படி: ஆய்விதழைத் தேர்வது

உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழ்கள் அதிகம் வருகின்றன என்று எண்ணுங்கள். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மெடிக்கல் எஜுகேஷன், அகாடமிக் மெடிசின் போன்றவை கோட்பாட்டு ஆழம் எதிர்பார்ப்பவை. மெடிக்கல் டீச்சர், தி கிளினிக்கல் டீச்சர் வகுப்பறைக்கும் வார்டுக்கும் நெருக்கமானவை. பிஎம்சி மெடிக்கல் எஜுகேஷன் முழுத் திறந்த அணுக்கம், யாரும் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் வெளியிடக் கட்டணம் உண்டு. செவிலியர்களுக்கு நர்ஸ் எஜுகேஷன் டுடே இருக்கிறது. நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியாவிலும் மருத்துவக் கல்விக்கு இடம் உண்டு.

பதவி உயர்வுக்காக வெளியிடுபவர்கள் தேசிய மருத்துவ ஆணையத்தின் நடப்பு விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். 2022 விதிகள் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், டிஓஏஜே போன்ற, ஆய்விதழ்களைப் பட்டியலிடும் அட்டவணைகளைக் குறிப்பிட்டன. 2025-இல் புதிய விதிகள் வந்தன. மூத்தவர் சொன்னார் என்று பழைய கணக்கில் இருக்காதீர்கள்.

போலி இதழ்களை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "மாண்புமிகு பேராசிரியருக்கு இன்றைய நாளின் வாழ்த்துகள்" என்று விடியற்காலையில் மின்னஞ்சல் வரும். உங்கள் இருதயக் கட்டுரையை வியந்து, பல் மருத்துவ இதழுக்குக் கட்டுரை கேட்கும். மூன்று நாளில் மதிப்பாய்வு, ஏழு நாளில் வெளியீடு என்று உறுதி சொல்லும். நண்பர் ஒருவர் இரண்டு மாதத் தவணையைத் தள்ளிவைத்துவிட்டு அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டினார். கட்டுரை வந்தது, அடுத்த ஆண்டு இணையதளமே காணாமல் போனது. அதே கட்டுரையை வேறெங்கும் அனுப்பவும் முடியவில்லை. பதிப்பாசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். அட்டவணையில் இருப்பதாக இதழ் சொன்னால், அட்டவணையின் தளத்துக்கே போய்த் தேடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக்கூடாது.

பத்தாம் படி: நிராகரிப்பும் திருத்தமும்

என் முதல் கட்டுரை நான்கே நாளில் திரும்பி வந்தது. மதிப்பாய்வாளருக்கே போகவில்லை. அன்று சாயங்காலம் திருவொற்றியூர்க் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், மறுநாள் அடுத்த இதழின் விதிமுறைகளை எடுத்தேன். நல்ல இதழ்கள் பெரும்பான்மையைத் திருப்பித்தான் அனுப்புகின்றன. ஜார்ஜ் போர்டாஜ் 2001-இல் மதிப்பாய்வாளர்களின் குறிப்புகளை ஆராய்ந்து, நிராகரிப்புக்குத் திரும்பத் திரும்ப வரும் காரணங்களைத் தொகுத்தார்: பொருந்தாத அல்லது அரைகுறையான புள்ளியியல், முடிவுகளுக்கு மிஞ்சிய விளக்கம், சரியில்லாத அளவுகோல், சிறிய அல்லது சாய்வான மாதிரி, பின்தொடர முடியாத எழுத்து. அனுப்பும் முன் அந்த ஐந்தையும் உங்கள் கட்டுரைமேல் நீங்களே ஏவிப் பாருங்கள்.

"பெருந்திருத்தம்" என்று பதில் வந்தால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு வரியையும் அப்படியே எடுத்து எழுதி, கீழே பதில், அதற்குக் கீழே கட்டுரையில் எந்தப் பக்கம், எந்த வரி மாறியது என்று குறியுங்கள். எங்களிடம் ஒருவர் கேட்டார்: "பட்டியலின் மூன்றாம் அம்சத்தை மதிப்பீட்டாளர்கள் எப்படி அறிந்தார்கள்?" அந்த வெளிமூச்சு வரிதான்! திருத்திய கதையைச் சுருக்கி முறையியலில் சேர்த்தோம். இன்னொருவர் ஆறு மாதம் கழித்தும் அளந்திருக்கவேண்டும் என்றார். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லி, வரம்புகள் பகுதியில் எழுதினோம். கேட்டதையெல்லாம் செய்யவேண்டியதில்லை, கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் விடக்கூடாது, அவ்வளவுதான். கோபத்தில் எழுதிய பதிலை இரண்டு நாள் ஆறப்போடுங்கள்.

ஏற்கப்பட்ட பின் அச்சுப்படி வரும், ஓரிரு நாளில் திருப்பிக் கேட்பார்கள். அட்டவணையின் எண்களையும் பெயர்களையும் மட்டுமாவது கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. இதழின் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே உங்கள் பெயரை ஆங்கிலத்தில் ஒரே வடிவில் முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் வாங்கி, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். நான் படிவத்தை அவசரத்தில் நிரப்பி, அச்சுப்படியையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பினேன். பப்மெட்டில் இன்றைக்கும் அந்த இன்ஹேலர் கட்டுரை என் தந்தையின் பெயரில்தான் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர்.